13,117 பேர் பார்த்த ஹிட்

கிரிக்கெட் தெரிந்தவருக்கு பேஸ்பாலைச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்றுதான் தோன்றும். டீயும் கையுமாக உட்கார்ந்து ஆரம்பித்த பிறகுதான், தெரிந்த ஆட்டமே குறுக்கே வந்து நிற்பது தெரியும். அங்கேயும் மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. ஆனால் ‘சராசரி’ என்று சொன்னதும் பேச்சு தடம் மாறிவிடும். நமக்குச் சராசரி என்றால் ஒரு முறை அவுட் ஆவதற்குள் எத்தனை ரன் என்ற கணக்கு. ஐம்பது இருந்தால் பெரிய ஆள். அங்கே மட்டையோடு நின்ற நூறு வாய்ப்பில் எத்தனை ஹிட் அடித்தார் என்பதுதான் கணக்கு. முப்பது இருந்தாலே பெரிய ஆள். பத்துக்கு ஏழு முறை தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிறவரைத்தான் அந்த ஆட்டம் மேதை என்கிறது.

ஹிட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல், ஓட்டப் பாதையின் முதல் நிறுத்தமான முதல் பேஸ் வரையாவது போய்ச் சேர வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஃபீல்டர் எளிதாகப் பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டதால் தப்பித்திருந்தால் அது ஹிட் ஆகாது, ‘எரர்’ என்று எழுதப்படும். எது ஹிட், எது எரர் என்று தீர்ப்புச் சொல்ல மைதானத்தில் அதிகாரபூர்வ ஸ்கோரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய பேனா அசைவதைப் பொறுத்து ஒருவர் வாழ்நாள் கணக்கில் ஒன்று கூடும், அல்லது கூடாது.

ஆண்டுக்கு 150 ஹிட் அடிப்பவர் நல்ல ஆட்டக்காரர். அப்படி விடாமல் இருபது ஆண்டுகள் அடித்தால் 3,000. உடம்பு ஒத்துழைக்க வேண்டும், அணி வைத்துக்கொள்ள வேண்டும், கண் மங்காமல் இருக்க வேண்டும். இத்தனை காலத்தில் அமெரிக்கப் பெரிய லீக்கில் அந்த எல்லையைத் தொட்டவர்கள் முப்பது சொச்சம் பேர்தான். அதில் பதினோராவதாகத் தொட்டவர் ரொபெர்தோ கிளெமெந்தே. தொட்டார், அங்கேயே நின்றுவிட்டார். 2,999 இல்லை, 3,001 இல்லை. சரியாக 3,000.

அந்த மூவாயிரமாவது ஹிட்டைப் பார்க்க எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பதிலிருந்துதான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ரசிகர்கள் அவரை நினைவில் வைத்திருக்கும் விதம் அந்த எண்ணிக்கையில் இருந்துதான் பிறக்கிறது.

1972 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு. பிட்ஸ்பர்க் நகரின் த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியும் நியூயார்க் மெட்ஸ் அணியும் மோதின. கிளெமெந்தேயின் கணக்கு 2,999. முதல் இன்னிங்ஸிலேயே பந்தைத் தரையோடு தட்டிவிட்டு ஓடினார். இரண்டாவது பேஸ்காரர் கைக்குப் பந்து சிக்கவில்லை. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஸ்கோரர் ‘எரர்’ என்றார். ஆர்ப்பரிப்பு அடங்கிப்போனது. கிளெமெந்தேக்குக் கோபம். ஸ்கோர் எழுதும் பத்திரிகைக்காரர்கள் தன்னிடம் எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள் என்ற மனக்குறை அவருக்குப் பல ஆண்டுகளாகவே உண்டு.

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல், நான்காவது இன்னிங்ஸ். மெட்ஸ் அணியின் இளம் இடக்கை பிட்சர் ஜான் மேட்லாக் வீசிய பந்தை இடப்பக்கம் நடுவாக அடித்து இரண்டாவது பேஸில் போய் நின்றார். அம்பயர் பந்தை எடுத்துக் கையில் கொடுத்தார். கிளெமெந்தே தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான் கொண்டாட்டம். மைதானத்தில் இருந்தவர்கள் 13,117 பேர். கிட்டத்தட்ட முக்கால்வாசி இருக்கைகள் காலி.

பதினெட்டு ஆண்டுகள் ஒரே ஊருக்கு ஆடியவர். முந்தின ஆண்டு அந்த ஊருக்கு உலக சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். அப்படியிருந்தும் அந்த எண்ணிக்கை. ஏன் என்று புரிய அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1934 ஆகஸ்ட் 18 அன்று புவர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்ற ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. புவர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கைவசம் உள்ள தீவு. மக்களுக்கு 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உண்டு. ஆனால் தீவில் வாழ்கிறவர்கள் அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பேசுவது ஸ்பானிஷ். ஆக, கிளெமெந்தே அமெரிக்காவில் ஆட வந்தபோது சட்டப்படி சொந்த நாட்டுக்காரர், மற்ற எல்லா வகையிலும் அந்நியர். போதாததற்குக் கருப்பர்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிதான் அவரை முதலில் எடுத்தது. 10,000 டாலர் முன்பணம் கொடுத்து, மான்ட்ரியலில் இருந்த தன் கீழ்நிலை அணிக்கு அனுப்பி, அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தது. அப்படி ஒதுக்கி வைக்கப்படும் இளைஞர்களை மற்ற அணிகள் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு விதி உண்டு. 1954 நவம்பரில் பைரேட்ஸ் அந்த விதியைப் பயன்படுத்தி 4,000 டாலருக்கு அவரைத் தூக்கிக்கொண்டது. அப்போது அந்த அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சனைப் பெரிய லீக்குக்குக் கொண்டுவந்து நிறத் தடையை உடைத்த அதே மனிதர்.

தடை உடைந்தது மைதானத்துக்குள் மட்டும்தான். ஃபுளோரிடாவில் ஆண்டுதோறும் பயிற்சி முகாம் நடக்கும். வழியில் உணவகத்தில் பஸ் நிற்கும். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். கருப்பர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், யாராவது பொட்டலம் கொண்டுவந்து தருவார்கள். கிளெமெந்தே அதை ஏற்கவில்லை. பொட்டலத்துக்குக் கையேந்திக் காத்திருக்க முடியாது, எங்களுக்குத் தனி வண்டி கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கினார்.

பத்திரிகைகள் இன்னொரு வேலை செய்தன. அவர் பேசும் ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிசகோடு அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டன, படிப்பவர்கள் சிரிக்கும்படி. ரொபெர்தோ என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று ‘பாப்’ ஆக்கினார்கள். ரசிகப் பிள்ளைகள் சேர்க்கும் ஆட்டக்காரர் அட்டைகளில் ‘பாப் கிளெமெந்தே’ என்றே பல ஆண்டுகள் அச்சாகி வந்தது. அவர் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். விபத்து ஒன்றில் அடிபட்ட முதுகு வலிக்கிறது என்றால், சாக்குச் சொல்கிறார் என்று எழுதினார்கள். 1960-ல் பைரேட்ஸ் சாம்பியன் ஆனது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். விருது அதே அணியின் இன்னொருவருக்குப் போனது. அந்த வடு ஆறவே இல்லை.

ஆட்டம் எப்படி என்று கேட்பீர்கள். அழகான ஆட்டம் இல்லை, அதுதான் அழகு. மட்டையோடு வந்து நின்றதும் கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றுவார். அடிக்கக் கூடாத பந்து என்று பயிற்சியாளர்கள் சொல்லும் பந்துகளை எட்டிப் போய் அடிப்பார். ஓடும்போது கை கால் எல்லாம் ஆளுக்கொரு திசையில் பறக்கும். ரைட் ஃபீல்ட் மூலையிலிருந்து அவர் எறிந்தால் பந்து தரையைத் தொடாமல் மூன்றாவது பேஸுக்கு வந்து சேரும். பள்ளியில் ஈட்டி எறிந்த கை. மொத்தக் கணக்கைச் சுருக்கிச் சொன்னால், சராசரி .317 (நூறுக்கு ஏறத்தாழ முப்பத்திரண்டு), நான்கு முறை லீக்கின் முதல் இடம், சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருது பன்னிரண்டு முறை, 1966-ல் அந்த மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. வானொலி வர்ணனையாளர் பாப் பிரின்ஸ், இவர் மட்டையோடு வரும்போதெல்லாம் ‘அரீபா!’ என்று கத்துவார். ஸ்பானிஷில் ‘மேலே!’ என்று உற்சாகப்படுத்தும் கூவல். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதையே கத்தினார்கள். கேலரியில் உட்கார்ந்திருந்த சாதாரண ஜனம் அவரை நேசித்தது. 1960-ல் பட்டம் வென்ற அன்று, உடை மாற்றும் அறைக் கொண்டாட்டத்தில் அதிகம் தங்காமல், தெருவில் திரண்டிருந்த ரசிகர்கள் நடுவே போய்விட்டார் கிளெமெந்தே. அவருக்குத் தகராறு எழுதுகிறவர்களோடுதான், பார்க்கிறவர்களோடு இல்லை.

ஆண்டின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில், 1971-ல், அவர் பதில் சொன்னார். எதிரி பால்டிமோர் ஓரியோல்ஸ், பலமான அணி. வயது 37. ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்தார், சராசரி .414. கடைசி ஆட்டத்தில் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். வெற்றிக்குப் பிறகு மைக் முன்னால் வந்தபோது, முதலில் ஸ்பானிஷில் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன் என்றார். ஊரில் பார்த்துக்கொண்டிருந்த தன் தாய் தந்தையிடம் ஆசி கேட்டார். அத்தனை ஆண்டுகளாக உச்சரிப்பைக் கேலி செய்த நாட்டின் முன்னால் நின்று, தன் மொழியில், தன் வீட்டாரோடு. புவர்ட்டோ ரிக்கோவில் அந்த நாளைப் பார்த்த தலைமுறை ஹோம் ரன்னைவிட அந்தச் சில வினாடிகளைத்தான் முதலில் சொல்லும்.

அந்த 1971-லேயே, செப்டம்பர் 1 அன்று இன்னொன்றும் நடந்தது. பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கருப்பர்களோ லத்தீன் அமெரிக்கர்களோதான். பெரிய லீக் வரலாற்றில் முதல் முறை. அதில் கிளெமெந்தேயும் ஒருவர்.

இனி, முடிவுக்கு வருகிறேன்.

1972 சீசன் முடிந்த பிறகு, புவர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணிக்கு மேலாளராக நிகராகுவா நாட்டுத் தலைநகர் மனாகுவாவுக்குப் போனார். சில வாரங்கள் அங்கே தங்கினார், ஜனங்களோடு பழகினார். ஊர் திரும்பிச் சில நாட்களில், டிசம்பர் 23 அதிகாலை, மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். விசித்திரம் என்னவென்றால் அதே டிசம்பர் 23-ல் தான், பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணி, கிளெமெந்தே 3,000 அடித்த அதே மைதானத்தில், கடைசி நொடிகளில் நம்ப முடியாத ஒரு வெற்றியைப் பெற்றது. அந்த ஊருக்கு அது இன்றைக்கும் திருநாள். ஊர் கூத்தாடிக்கொண்டிருந்த வேளையில் அவர் சான் ஹுவான் நகரில் நிவாரணப் பொருள் சேகரிக்கும் ஏற்பாட்டில் இறங்கினார். கிறிஸ்துமஸ் அவருக்கு அப்படித்தான் கழிந்தது.

சேர்ந்த பொருள்கள் விமானத்தில் போயின. போன பொருள் மக்கள் கைக்குச் சேரவில்லை, சர்வாதிகாரி சொமோசாவின் படையாட்கள் நடுவில் மடக்குகிறார்கள் என்ற தகவல் வந்தது. நான் நேரில் போனால் என் முகத்துக்காகவாவது விடுவார்கள் என்று கணக்குப் போட்டார். வாடகைக்குக் கிடைத்தது பழைய டிசி-7 சரக்கு விமானம். சில வாரங்களுக்கு முன்புதான் ஓடுதளத்தில் விபத்துக்குள்ளான விமானம். ஏற்றிய சுமை அனுமதித்ததைவிட ஆயிரக்கணக்கான பவுண்டு கூடுதல். தகுதியான விமானிக் குழுவும் முழுமையாக இல்லை. 1972 டிசம்பர் 31 இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பியது. கிளம்பிய சற்று நேரத்திலேயே, கரையிலிருந்து அதிகத் தூரம் போகாமலே, அட்லாண்டிக்கில் விழுந்தது. உள்ளே ஐந்து பேர். கிளெமெந்தேக்கு வயது 38.

கிளெமெந்தேயின் உடல் கிடைக்கவே இல்லை.

தீவில் புத்தாண்டு இரவு என்பது ஊரே விழித்திருக்கும் இரவு. செய்தி பரவப் பரவ ஆட்டம் பாட்டம் நின்றது. விடிந்ததும் கடற்கரைக்கு ஜனம் வந்தது, நாள் கணக்கில் நின்றது. யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் நின்றார்கள். அவருடைய நெருங்கிய நண்பர், அணியின் கேட்சர், பனாமா நாட்டுக்காரர் மானி சங்கியேன் முக்குளிப்பவர்களோடு சேர்ந்து தானும் கடலில் இறங்கித் தேடினார். கரோலினாவில் நினைவுத் திருப்பலி நடந்தது, அணி முழுவதும் வந்திருந்தது. சங்கியேன் மட்டும் வரவில்லை. அவர் அப்போதும் தண்ணீரில் இருந்தார்.

கணவரின் சாவுக்குக் காரணம் விமானத்தைத் தடுக்காத அரசு அமைப்பு என்று அவர் மனைவி வேரா வழக்குத் தொடுத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கீழ் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. இந்தப் பகுதி நினைவு விழாக்களில் பேசப்படுவதில்லை. தியாகம் என்று சொல்லிவிட்டால், அந்த விமானத்தை யார் பறக்கவிட்டது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

இப்போது எண்ணிக்கைக்குத் திரும்புவோம். 1973 ஏப்ரல் 6. புதிய சீசனின் முதல் நாள். அதே த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம். கிளெமெந்தே அணிந்த 21 என்ற எண்ணை இனி இந்த அணியில் யாரும் அணியக் கூடாது என்று நிரந்தரமாக ஓய்வு கொடுக்கும் நிகழ்ச்சி. வந்தவர்கள் 50,000-க்கும் மேல். ஆறு மாதம் முன்பு அவர் உயிரோடு நின்று தொப்பியைத் தூக்கியபோது காலியாக இருந்த இருக்கைகள்.

இதைக் குத்திக்காட்டலாகச் சொல்லவில்லை. ரசிகர்கள் வருத்தத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கடனைத் தீர்க்கும் வேகம் எங்கும் தெரிந்தது. பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்க்கூடத்தில் ஒருவரைச் சேர்க்க, அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த விதியைத் தள்ளி வைத்து, மார்ச் மாதமே தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்கள் யார் தெரியுமா? பத்திரிகையாளர்கள். அவரைப் ‘பாப்’ என்று எழுதிய, எட்டாவது இடம் கொடுத்த அதே வர்க்கம். 424 வாக்குகளில் 393 அவருக்கு விழுந்தன. லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்தக் கூடத்துக்குள் போன முதல் ஆட்டக்காரர் அவர். அப்போதும் பெயரில் ஒரு பிசகு. ஸ்பானிஷ் வழக்கில் அப்பா வழிப் பெயர் முதலில், அம்மா வழிப் பெயர் பின்னால். அவர் ரொபெர்தோ கிளெமெந்தே வாக்கர். பட்டயத்தில் ‘ரொபெர்தோ வாக்கர் கிளெமெந்தே’ என்று பொறித்துவிட்டார்கள். சரி செய்து புதுப் பட்டயம் மாட்டியது 2000-ல். இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

21 என்ற எண்ணுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு என்று ரசிகர்கள் சொல்வார்கள். ஸ்பானிஷ் எழுத்துகளில் அவருடைய முழுப் பெயரை எண்ணினால் 21 வருகிறது, அதனால்தான் முதலில் அணிந்திருந்த 13-ஐ விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டார் என்பார்கள். எண்ணிப் பார்த்தேன், வருகிறது.

கல்லறை இல்லாதவரை நினைப்பவர்கள் எங்கே போவார்கள்? இரண்டு ஊர் ரசிகர்களும் இரண்டு விதமாக வழி கண்டுபிடித்தார்கள்.

பிட்ஸ்பர்க்காரர்கள் இடங்களை உருவாக்கினார்கள். புதிய மைதானம் கட்டும்போது அதற்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். பெயரை ஒரு வங்கி விலைக்கு வாங்கிவிட்டது. சமாதானமாக, மைதானத்துக்கு எதிரே ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு 1998-ல் அவர் பெயர் கிடைத்தது. ஆட்ட நாட்களில் அந்தப் பாலத்தில் வண்டி விட மாட்டார்கள். அக்கரை நகர் மையத்திலிருந்து குடும்பம் குடும்பமாக நடந்து வருவார்கள். என்னைக் கேட்டால் வங்கி செய்தது நல்லதாகப் போயிற்று என்பேன். மைதானத்தின் பெயரை டிக்கெட்டில் படிப்பதோடு சரி. பாலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் நடக்க வேண்டியிருக்கிறது. மைதானத்தின் ரைட் ஃபீல்ட் சுவர், அவர் காவல் காத்த திசை, 21 அடி உயரம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் சுவர். அவர் ஆடிய அந்த மைதானம் 1970-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் செங்கல் சுவரின் ஒரு பகுதி மட்டும் மிச்சம். 1985-ல் ரசிகர் ஒருவர் அக்டோபர் 13 அன்று தனியாக அங்கே போய் உட்கார்ந்து, 1960 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தின் வானொலி வர்ணனையை டேப்பில் முழுவதும் கேட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் சேர்ந்தது. இன்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் கூடுகிறார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். பைரேட்ஸின் பில் மாஸெரோஸ்கி கடைசியில் அடிக்கும் ஹோம் ரன்தான் அந்த நாளின் பேர்பெற்ற அடி. ஆனால் எட்டாவது இன்னிங்ஸில் கிளெமெந்தே அடித்த ஒரு ஹிட் இருக்கிறது. பந்து முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருள்கிறது. இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது. பெரும்பாலானோர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அரை ஓட்டம் ஓடும் அடி. அவர் உயிரைக் கொடுத்து ஓடினார். எதிரணியான நியூயார்க் யாங்கீஸின் பிட்சர் முதல் பேஸை மறிக்க வந்து சேரவில்லை. ஒரு ரன் வந்தது, அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் மாஸெரோஸ்கிக்கு வேலையே இருந்திருக்காது.

புவர்ட்டோ ரிக்கோவில் நினைவு வேறு மாதிரி. அங்கே ஆட்டக்கணக்கு பின்னால் போய்விட்டது, போன மனிதர் முன்னால் வந்துவிட்டார். பள்ளி, தெரு, மருத்துவமனை என்று எதைத் திறந்தாலும் அவர் பெயர். தீவின் குளிர்கால லீக்குக்கே அவர் பெயர்தான். அவர் போய்ச் சேர முடியாத நிகராகுவாவில், மசாயா நகரில், அவர் பெயரில் ஸ்டேடியம் இருக்கிறது. ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் கனவு கண்ட விளையாட்டு நகரம், கரோலினாவில் வேரா பல்லாண்டு பாடுபட்டு நடத்தியது, பராமரிக்கப் பணமில்லாமல் புல் மண்டிப் போனது. 2022-ல் அவர் படம் போட்ட வாகனப் பதிவு வில்லைக்குக் கூடுதல் கட்டணம் வசூலித்தது தீவு அரசு. காசு குடும்பத்துக்குப் போகிறது என்று ஜனம் நினைத்து முணுமுணுக்க, அனுமதி இல்லாமல் பெயரைப் பயன்படுத்தியதாகக் குடும்பம் நீதிமன்றம் போனது. பெயர் வைப்பதில் காட்டும் சுறுசுறுப்பு பெயருக்குரியவர் விட்ட வேலையைத் தொடர்வதில் இருப்பதில்லை. இதில் தீவு அரசு மட்டும் விதிவிலக்கா என்ன?

லீக் அளவில் ஒரு விருது இருக்கிறது. ஆட்டத்தோடு சமூகப் பணியும் செய்கிற ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தருவது. 1971-ல் வேறு பெயரில் தொடங்கி, 1973 முதல் கிளெமெந்தே விருது ஆனது. ஒவ்வோர் அணியும் தன் ஆளைப் பரிந்துரைக்கும். இப்போது செப்டம்பர் 15 கிளெமெந்தே நாள். 2022 முதல் அன்று எந்த அணி ஆட்டக்காரர் விரும்பினாலும் 21 அணிந்துகொள்ளலாம். அந்த ஆண்டு அதே நாளில் டாம்பா பே ரேஸ் அணியின் ஒன்பது பேர் பட்டியலில் அத்தனை பேரும் லத்தீன் அமெரிக்கர்கள், அத்தனை முதுகிலும் 21.

இதோடு தொடர்புடைய சண்டை ஒன்று இன்னும் தீரவில்லை. ஜாக்கி ராபின்சனின் 42 என்ற எண்ணுக்கு 1997-ல் எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுக்கப்பட்டது. அதே மரியாதை 21-க்கும் வேண்டும் என்று கிளெமெந்தே ரசிகர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். தன் அப்பாவுக்கு மட்டுமே உரிய கௌரவமாக அது இருக்கட்டும் என்று ராபின்சனின் மகள் சொன்னார். ராபின்சனும் இறந்தது 1972-ல்தான், அக்டோபரில், கிளெமெந்தேக்கு இரண்டு மாதம் முன்பு.

கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. பெரிய லீக்கில் இன்று ஆடும் லத்தீன் அமெரிக்கர்கள் ஏராளம். அவர்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கச் சொல்லிக் கேட்கும் தைரியத்தை முதலில் காட்டியவர் கிளெமெந்தே. ஆனாலும் 21-ஐப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வு கொடுத்த எண்ணைச் சுவரில் பார்க்கலாம், யாரும் அணிந்துகொண்டு ஓட முடியாது. சாமி சோசா அணிந்திருந்தார், கார்லோஸ் தெல்காதோ நியூயார்க்கில் அணிந்திருந்தார், இருவருமே அவருக்காக. முதுகில் அந்த எண்ணோடு, மெதுவாக உருளும் பந்துக்கும் முதல் பேஸ் வரை முழு வேகத்தில் ஓடுகிற ஒரு பையன் சுவரில் மாட்டிய எண்ணைவிட அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. பைரேட்ஸ் அணியில் அது ஓய்விலேயே இருக்கட்டும், அங்கே அது அவருடையது. மற்ற இருபத்தொன்பது அணிகளில் விட்டுவையுங்கள்.